வாப்பா பக்கம்

சாபிரா சோறு வைத்த சஹனின் மேல் கவிழ்த்திருந்த தட்டைத் தூக்கினாள். நெய்ச்சோறு ஆறி விறைத்து, வைத்தது வைத்தபடி இருந்தது. நாலு பக்கத்திலும் ஒரு விரல்கூடப் படவில்லை. கூடத்தில் தாவூது பாய் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். அவள் எழுந்து அடுப்படிக்கு வந்தபோது, தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்றுதான் பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நினைத்தார்கள்.

பிஸ்மி சொல்லிவிட்டு, புருஷன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தாள்.

ஒரு பிடி எடுத்த பிறகுதான் அதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. குப்பையில் போட மனசு வராது. ஒரு பருக்கை கீழே சிந்தினால்கூட எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற மனிதருடைய சோறு. வேறு வழியில்லாமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள். புருஷனுடைய மையத்து கூடத்தில் கிடக்க, பெண்டாட்டி அடுப்படியில் நின்று நெய்ச்சோறு தின்கிறாள் என்று யாராவது பார்த்தால் ராயபுரம் முழுக்க ஒரு வருஷத்துக்கு இதே பேச்சாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தொண்டையில் இறங்க மறுத்ததைத் தண்ணீர் ஊற்றி இறக்கினாள்.

அவர் சாப்பிட்டது போலவே இருக்க வேண்டும். அதுதான் பெரும்பாடு. தாவூது பாய் விளிம்பில் ஆரம்பித்து நேராக உள்ளே வெட்டிக்கொண்டு போவார். அடுத்தவர் பக்கத்துச் சோறு ஒரு பருக்கை அவர் பக்கம் சரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அதே தட்டில் எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்கு அந்தப் பள்ளம் கண்ணை மூடினாலும் தெரியும். மகன் பிலால் மையத்துக்குச் சுற்றும் கஃபன் துணி வாங்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

"உம்மா."

மகள் தஹ்சீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயின் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். உம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இன்னா பண்ற நீ? பசிக்குதா உனக்கு?"

"கதவ சாத்து மொதல்ல."

சாத்தினாள்.

"வந்ததும் உங்க அண்ணன் கேட்டான், வாப்பா சாப்ட்டாரான்னு. சாப்ட்டாருன்னு சொல்லிட்டேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இப்ப இத்தப் பாத்தான்னா?"

தஹ்சீனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"அவனுக்கோசரமா இதெல்லாம்? தெரியட்டும்மா அவனுக்கு. பாலத்து மேல கீறேன்னு சொன்னான்ல, எந்தப் பாலம்னு கேளு. மூஞ்சியப் பாத்தியா நீ? கோரப்பாய் கோடு கன்னத்துல அப்படியே கீது. தூங்கிகினு இருந்திருக்கான் அவன்!"

சாபிராவும் பார்த்திருந்தாள். படியேறி ஓடிவந்து வாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு பிலால் அலறியபோது, அவன் வலது கன்னத்தில் வரிவரியாகப் பாய் பதிந்திருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.

சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. மற்ற வீடுகளில் அது கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் பரணிலிருந்து இறங்கும். தாவூது பாய் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் இறங்கும். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில் அவருக்கு ஷிப்ட் முறை. ஆறு நாளும் அவர் ஒரு நேரம், பிள்ளைகள் ஒரு நேரம் என்று கழிந்துவிடும். அதனால் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால் நாலு பேரும் ஒரே தட்டு என்று வைத்திருந்தார். வேறெந்த விஷயத்திலும் வாய் திறக்காத மனிதர், இதில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டார். நாலு பேரும் உட்காராமல் யாரும் கை வைக்கக்கூடாது. அண்ணனும் தங்கையும் முதல்நாள் அடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் எதிரெதிரே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நல்லி எலும்பு அவர் பக்கம் வந்தால் ஒன்றும் தெரியாதவர் போலப் பிலால் பக்கம் தள்ளிவிடுவார். அந்தக் குடும்பத்தில் பாசம் என்று பேர் வைத்து யாரும் எதையும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த எலும்பு தள்ளுவதில் முடிந்துவிடும்.

கல்யாணமாகி, வீடு போதவில்லை என்று பிலால் கொடுங்கையூர்ப் பக்கம் ஃபிளாட்டுக்குப் போனான். பெண்டாட்டி ஃபிர்தௌஸ் இப்போது பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருக்கிறாள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவனுக்கு இரவு பகல் ஏது? முதலில் வாராவாரம் வந்தான். பிறகு மாதம் ஒரு தடவை ஆயிற்று. தாவூது பாய் கோபிக்கவில்லை. ஜும்ஆ முடிந்து வந்ததும் போன் போடுவார். "வரல வாப்பா, நீங்க சாப்டுங்கோ" என்று அவன் சொல்லிவிட்டால், "சரி நைனா" என்று வைத்துவிட்டுக் கை வைப்பார். வருகிறேன் என்று சொன்னால் மட்டும் சோற்றில் கை வைக்கமாட்டார். வருகிறவனுக்கு முன்னால் கை வைப்பது அவருக்கு அவனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

இன்றைக்கு, "தோ, பாலத்து மேல கீறேன் வாப்பா, அஞ்சு நிமிஷம்" என்றான்.

தாவூது பாயின் முகம் பூத்துப்போயிற்று. "புள்ள வர்றான் சாபிரா, எடுத்து வை" என்றார். நல்லியைத் தேடி எடுத்து அவன் பக்கம் வைக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு முன் போடுகிற சர்க்கரை ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டார். சஹனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வேலை செய்கிற கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த தஹ்சீன், "ஊசி போட்டாச்சுல்ல, ஒரு பிஸ்கட்டாவது துன்னு வாப்பா" என்று இரண்டு தரம் சொன்னாள். "அவன் படி ஏறுற நேரத்துல பிஸ்கட்டா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்தது. புழுக்கம் என்று சாபிரா ஃபேனைக் கூட்டினாள். அவர் சுவரில் சாய்ந்தார். தொழுதுவிட்டு வந்தால் கண் அசருவது அவர் வழக்கம்தான் என்று, அவள் அவரை எழுப்பவில்லை. சோறு ஆறுகிறதே என்று தட்டை எடுத்து மூடிவைத்தாள். சோற்றை மூடத் தெரிந்தவளுக்கு அவரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இனி எத்தனை காலம் இருந்தாலும் அது அவளை விடப்போவதில்லை.

வெகுநேரம் கழித்து உலுக்கியும் எழாதவருடைய வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியபோது பல் கிட்டியிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயமும் பலவீனமாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். பிறகு, "ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடலையா?" என்று கேட்டார். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டு இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"சொல்லத்தான் போறேன்" என்றாள் தஹ்சீன். "மண்ணு போடறதுக்கு முன்ன சொல்லுவேன்."

"சொல்லு. சொன்னா அவன் உசுரோட இருக்கமாட்டான். உனக்குத் தெரியும் அவன. ரெண்டாவது மையத்துக்கு அழ என்னால ஆவாதும்மா."

தஹ்சீன் அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கூடத்துக்குக் கேட்காமல் அழுதாள். பிறகு கேட்டாள்: "அப்ப வாப்பா காத்துகினு கெடந்தது யாருக்குமே தெரியக்கூடாதா?"

சாபிரா கடைசிப் பிடியை எடுத்து விழுங்கினாள். பள்ளம் சரியாக வந்துவிட்டது. தட்டைக் கவிழ்த்து மூடிக் கையைக் கழுவினாள்.

அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு தாவூது பாயை எடுத்தார்கள். குளிப்பாட்டிக் கஃபனிட்டதும் சாபிராவைக் கூப்பிட்டு முகம் காட்டினார்கள். பசித்த முகம் போலத்தான் அவளுக்குத் தெரிந்தது. மையத்துப் பெட்டியான சந்தூக்கின் முன்கட்டையைப் பிலால் தோளில் வாங்கினான். குறுகலான படியில் வளைத்து இறக்க முடியாமல், "கொஞ்சம் சாச்சுக்கோ, பாத்து, பாத்து" என்ற குரல்கள் கீழே போய், சந்து திரும்பி, ஓய்ந்தன.

அடக்கிவிட்டு வந்த ஆண்கள் சலாம் சொல்லி ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று கீழ்வீட்டு ஆலிஸ் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாபிராவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பாத்திரம் திறக்காமலே இருந்தது.

பிலால் அடுப்படிக்கு வந்தான். லுங்கியில் கபர் மண். கன்னத்தில் பாய்க் கோடு எப்போதோ மறைந்துவிட்டிருந்தது.

"மத்தியான சோறு கீதா உம்மா?"

"கெட்டுப் போயிருக்கும்டா. இட்லி கீது, துன்னு."

"நம்ம சோறு துன்றேன். எடு."

அவனே எடுத்தான். கூடத்தில், வாப்பா கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சஹனை வைத்து, தன் பக்கத்தில் உட்கார்ந்தான். தட்டைத் தூக்கினான்.

மூன்று பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் சோறு இருந்தது. அவன் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாபிராவுக்கு மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. நம்பிவிட்டான்.

"நல்லாத்தான் சாப்ட்டுருக்காரு" என்றான்.

"ஆமாடா. வயிறார சாப்ட்டாரு."

"எப்ப உம்மா?"

"தொழுதுட்டு வந்து."

"எனக்குப் போன் பண்ணதுக்கு முன்னயா, அப்பாலயா?"

சாபிரா இதை யோசித்திருக்கவில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பள்ளம் வெட்டியவள், இதை மட்டும் யோசிக்கவில்லை.

"அப்பால" என்றாள்.

"வரேன்னு சொன்னேன்ல. வரேன்னு சொன்னப்புறமா கை வெச்சாரு?"

"பசி தாங்கலடா அவருக்கு."

"பசியாவது!" பிலால் சிரிக்கப் பார்த்தான். "நோம்புல ஒரு நாள் தண்ணி கேட்டதில்ல அந்த மனுசன். நான் பொறந்ததுலேந்து ஒரு தபா, ஒரே ஒரு தபா எனக்கு முன்ன கை வெச்சிருப்பாரா? நீயே சொல்லு." குரல் உடைந்தது. "கண்டுகினாரு உம்மா. நான் படுத்துகினேதான் பேசுனேன். ராத்திரி பூரா எண்ணூர் ரோட்டுல வண்டி லைன்ல நின்னுட்டு வந்து படுத்தேன். ஜும்ஆவுக்குக்கூட எந்திரிக்கல. எந்திரிச்சு வந்துடலாம்னுதான் அப்படிச் சொன்னேன். தூங்கிட்டேன். எம் பேச்சுலயே கண்டுகினாரு. இவன் எங்க வரப்போறான், இவனுக்கு இன்னா காத்துகினு கெடக்கறதுன்னு விட்டுட்டாரு. வெறுத்துட்டாரு என்னை."

இல்லடா என்று சாபிராவின் நெஞ்சு கத்தியது. உனக்காகத்தான்டா காத்திருந்தார். படியில் காலடி கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, உன் நல்லியை உன் பக்கம் வைத்துவிட்டு, கடைசிவரை காத்திருந்தார். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியுமானால் அவள் உயிரையே கொடுப்பாள். அதைச் சொன்னால் மிச்சமும் பின்னாலேயே வந்துவிடும்.

அவள் தஹ்சீனைப் பார்த்தாள். மண் போடுவதற்கு முன்னால் சொல்லுவேன் என்று துள்ளியவள் கதவோரம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

ஃபேன் மட்டும் மத்தியானம் கூட்டிவைத்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பிலால் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். தன் பக்கத்துச் சோற்றைக் கையால் அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாப்பா பக்கம் தள்ளினான். பள்ளம் நிறைந்து, மற்ற பக்கங்களோடு சமமாகும்வரை தள்ளினான். விரலால் ஓரத்தைச் சீராக்கினான். பிறகு தன் பக்கத்தில் இருந்த நல்லியை எடுத்து அந்தச் சோற்றின் மேல் வைத்தான்.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை.

கீழே படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. ஆலிஸ் பாத்திரத்துக்கு வந்திருப்பாள். பிலால் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான்.