ஜீப்பில் வந்தவள்

ரமா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்திக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றில் ஒரு கடல் ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவளை அனுப்பிவைத்தார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்திய திட்டம். கரையோர மக்களைப் பற்றியும் ஆராய வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் நிபந்தனை போட்டதால்தான் அவளுக்கு அதில் இடம். திட்டத் தலைவர் ராஜாராமன் அவளை அறிமுகம் செய்யும்போது "நம்ம பப்ளிக் ரிலேஷன்ஸ்" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தக் குப்பத்து அருள்மேரி தினமும் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்க வருவாள். ரமா மீன் சாப்பிடாதவள். ஆனாலும் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். கூடை காலியானதும் இருவரும் ஒரே பஸ்ஸில் குப்பத்துக்குப் போகிற அளவுக்குப் பழக்கம் முற்றியது.

நீரோட்டத்தை அளக்க விஞ்ஞானிகள் கடலில் மிதவைகளைப் போட்டார்கள். சரியாகக் குப்பத்தார் வலை போடுகிற இடத்தில். ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுப் போடலாமே என்று ரமா கூட்டத்தில் சொல்லிப்பார்த்தாள். நீரோட்டம் யாரையும் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை என்றார் ராஜாராமன். மிதவைச் சங்கிலியில் சிக்கி வலைகள் கிழிந்தன. ஒரு நாள் காலையில் மிதவைகளைக் காணவில்லை. அறுத்தது தன் புருஷன் ஏசுபாதம்தான் என்று, வீட்டு விஷயம் சொல்வதுபோல, அருள்மேரி ரமாவிடம் சொன்னாள்.

அறுத்தது யார் என்று ராஜாராமன் கேட்டபோது ரமா சொல்லவில்லை. தன்னைத் திட்டத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்டாள். கல்லூரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, அவள் இல்லையென்றால் வெளிநாட்டுப் பணமும் நின்றுவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு, குப்பத்துக்குப் போய் ஊர்க்காரர்களிடம் பேசுவோம், நீங்களும் கூட வாருங்கள் என்றார். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

செம்பாக்கத்தில் அவள் வீட்டு வாசலுக்கே ராஜாராமனின் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டது. கேளம்பாக்கம் தாண்டிய பிறகுதான் பின்னால் ஒரு போலீஸ் ஜீப் வருவதைப் பார்த்தாள். நிறுத்தச் சொன்னாள். டிரைவர் ராஜாராமனைப் பார்த்தான். அவர் சாலையைப் பார்த்தார். ஜீப் நிற்கவில்லை.

மாதா கோயில் முன்னால் வலை பின்னிக்கொண்டிருந்த சவுரிமுத்துவையும் குப்பனையும் இன்ஸ்பெக்டர் பிடித்தார். கைக்கு எட்டியவர்கள் அவர்கள்தான். அதற்குள் ஜனங்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் அருள்மேரியும் பக்கத்தில் ஏசுபாதமும் நின்றிருந்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் பிடிபட்ட இருவருக்கும் அடி விழும். ரமா கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"இவங்க ரெண்டு பேரும் இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார். "அப்போ யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். மணலைப் பார்த்தபடி நின்றாள்.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

பிடிபட்ட இருவரோடு அவளையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு நாற்காலி கிடைத்தது. அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். குப்பன் ஒரு தரம் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து பேசினார். கல்லூரி ஆசிரியை ஸ்டேஷனில் இருப்பது பத்திரிகைக்குப் போனால் வம்பு என்று ராஜாராமனும் ஓடிவந்து தான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கினார். மூன்று பேரையும் விட்டார்கள்.

மறுநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ரமா அருள்மேரியிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவள் மீனை அரிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லலேன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா அவுங்க ஜீப்புலதானே வந்த. ஊரு அத்தத்தான் பாக்கும். இனிமே அந்தப் பக்கம் வராத."

ரமா அதன் பிறகு போகவில்லை. மிதவைகள் ஏன் அறுபட்டன என்று யார் பேரும் இல்லாமல் திட்டத்தின் ஆண்டறிக்கைக்கு ஓர் அத்தியாயம் எழுதிக்கொடுத்தாள். அச்சாகி வந்தபோது அது இல்லை. அந்த இடத்தில், மக்கள் நல்ல ஒத்துழைப்பு தந்தார்கள் என்று இரண்டு பக்கம் இருந்தது. எழுதியவர் என்று அவள் பெயர்.

புது மிதவைகளைப் பழைய இடத்திலேயே போட்டார்கள். திட்டம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.