ஏரிக்கு வாய் கேட்டவர்

கைகளை அகல விரித்துத் தெருவை மறித்து நின்றான் துளசிங்கம்.

"இதுக்கு மேல வராதீங்க. மாலைய இங்கியே குடுத்துட்டுப் போங்க."

எதிரே பன்னிரண்டு பேர். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருக்கும் மீனவர் குப்பத்து ஆட்கள். விடியலில் படகேறி ஏரியைக் கடந்து, காட்டூர்வரை நடந்தே வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. முன்னால் நின்ற அர்ஜுனன், "மாலை போட வரலண்ணா. தூக்க வந்தோம்," என்றான்.

பந்தலில், புருஷன் தருமலிங்கத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பவுனம்மாளுக்கு அது தெளிவாகக் கேட்டது.

முந்தின நாள் மத்தியானம், மடை திருப்பப் போன இடத்தில் வரப்பிலேயே அவர் உயிர் பிரிந்திருந்தது. தகவல் சொல்லியும் ஊரில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் எதிர்ச்சாரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடை கட்டி முடித்து ஒரு மணி நேரம் ஆகிறது. தூக்க ஆளில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக் கோபம் அது. ஏர் பிடித்த கையோடு தேர்தலில் நின்று, காட்டூரிலிருந்து சட்டசபைக்குப் போன முதல் ஆள் என்று ஊரே அன்றைக்குப் பட்டாசு வெடித்தது. ஆனால் அவர் அங்கே எழுந்து முதலில் கேட்டது காட்டூருக்கான ரோட்டை அல்ல. மணல் மூடிப்போன பழவேற்காட்டு முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொன்னார். "ஏரிக்கு வாய் அடச்சிக்கினு இருக்கு. வாய் அடச்சவன் எத்தினி நாளைக்கு உயிரோட இருப்பான்?"

கடல்தண்ணி வந்தால் கழனி உப்பாகும் என்று ஊரே அவர் வாசலில் வந்து கத்தியது. அவர் பின்வாங்கவில்லை. வெட்டினார்கள். குப்பத்துக்கு இறால் திரும்பியது. மூன்றாம் கோடையில் காட்டூரின் தாழ்ந்த கழனிகளில் உப்பு பூத்தது. முதலில் பூத்தது அவருடையதிலும் தம்பி துளசிங்கத்துடையதிலும்தான். அடுத்த தேர்தலில் சொந்த ஊரில் அவருக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குக் கிளம்பியவரிடம், "தப்பாப் பூடுச்சா?" என்று பவுனம்மாள் கேட்டாள்.

"கழனிதான் கெட்டுது. நான் கேட்டது கெடல."

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசியதில்லை.

பவுனம்மாள் எழுந்து தெருவுக்கு வந்தாள்.

"வழி வுடு, துளசிங்கம்."

"அண்ணி, வேத்து ஜனம் நம்ம வூட்டுப் பொணத்தத் தூக்குனா நாளைக்கு ஊர்ல தல காட்ட முடியாது."

"ஒரு மணி நேரமா ஊரு குந்திக்கினுதான் இருக்குது. எவன் எழுந்தான்?"

"பேசிக் கூட்டியாறேன். பொறு."

"கெஞ்சிக் கூட்டியாந்த தோள்ல அவரு போவ மாட்டாரு. ஓட்டுக்கே கெஞ்சாத மனுஷன்."

துளசிங்கத்தின் குரல் தழைந்தது. "இவங்க கை வெச்சா நான் கொள்ளி வெக்க மாட்டேன்."

பிள்ளையில்லாத வீடு. தம்பிதான் வைத்தாக வேண்டும்.

"வெக்காத," என்றாள் பவுனம்மாள். "உன் கையில இருந்தாதான் நெருப்பு எரியுமா? அர்ஜுனன் வெப்பான். அவனும் மாட்டேன்னா நான் வெக்கிறேன்."

எதிர்ச்சாரியைப் பார்த்துத் திரும்பினாள். "குந்தியிருக்கறவங்க குந்துங்க. டீ வரும்."

குப்பத்து ஆட்கள் நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள். தீச்சட்டி அர்ஜுனன் கையில் இருந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். பவுனம்மாள் நிற்கவில்லை. கழனி தொடங்கும் இடம்வரை போனாள்.

சுடுகாட்டுக்கு வரப்பு வழிதான். படகில் பழகிய கால்களுக்கு அது பிடிபடவில்லை. பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

வெகுதூரம் பின்தங்கி, வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த துளசிங்கம் சட்டென்று கழனிக்குள் இறங்கினான். சேற்றில் ஓடி அவர்களை முந்தி வரப்பேறினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வலப்பக்கம் இடிஞ்சிருக்கு," என்றான். "எடது கால முன்னால வெய்யிங்க."

நான்கு பேரும் இடது காலை முன்னால் வைத்தார்கள்.