டிக்கெட்காரிக்கு வாயில்லையா?

கட்டிய புருஷன் இன்னொருத்தியைப் பற்றி இரண்டு பக்கம் உருகி எழுதி, அதைப் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று படித்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது? அந்த இன்னொருத்தி கதையில் வருகிறவள் என்பதெல்லாம் வெறும் சாக்கு.

நூலக மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரம் ஒரு மாலை இலக்கிய வகுப்பு நடந்தது. அதில் சேர ஆசைப்பட்டது அந்தப் பெண்டாட்டிதான். மருந்துக்கடை கவுண்டரில் நாள் முழுக்க நின்று மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கிறவளுக்கு, உட்கார்ந்து கதை பேச ஓர் இடம் கிடைத்தால் கசக்குமா? துணைக்கு இருக்கட்டும் என்று லிஃப்ட் மெக்கானிக்கான கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வீட்டில் "ம்" என்பதற்கு மேல் பேச்சு வராது.

டீச்சர் ஆளுக்கொரு நோட்டு போடச் சொல்லியிருந்தார். படித்த கதை உங்களை என்ன செய்தது என்று அதில் எழுத வேண்டும். கதைச் சுருக்கம் கூடாது. வாரம் இரண்டு பேர் வாசிக்க வேண்டும்.

அந்த வாரக் கதையில், படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒருத்தி வந்தாள். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"வேலை முடிந்து வந்ததும் அவள் செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குப் போகிறாள். கழற்றினால் மறுபடி எழுந்து நிற்க முடியாது. இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான் இருந்திருந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பேன்."

நாற்காலியாம்! இத்தனை வருஷத்தில் ஒரு முக்காலியையாவது இவளுக்காக நகர்த்தியது உண்டா? பக்கத்தில் இருந்த வங்கிக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை மறுபடி படித்தாள். டிக்கெட்காரியிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள். அடுத்த வாரம், "நான் படிக்கிறேன் டீச்சர்" என்று முந்திக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு இவளைப் பார்த்தால் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. டிக்கெட்காரிக்கு வாயில்லையா? கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே? கல்லு மாதிரி நின்றுகொண்டு, புருஷன் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள். ஒரு நாளாவது அவனிடம் சொல்லியிருக்கிறாளா? சொல்லாமலே..."

அங்கே குரல் நின்றுவிட்டது. வரி கண்ணெதிரே இருந்தது, வாய்க்கு வரவில்லை. தான் திட்டிக்கொண்டிருப்பது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. வங்கிக்கார அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "அவ்வளவுதான் டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் காது சுட்டது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் வந்து நின்றார்கள். முதலில் வாய் திறந்தது அவர்தான். அதுவே அதிசயம்.

"நீ எழுதினது நியாயம்தான். அவ சொல்லியிருக்கலாம்."

"ம்" என்றாள் இவள். முதல் தடவையாக.

"உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

"இல்லையே" என்று பழக்கதோஷத்தில் நாக்கு சொல்லிவிட்டது. பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் ஏறவில்லை.

"வலிக்குது" என்றாள். "குதிகால். ரெண்டும். காலைல தரையில ஊன்றப்போ உசிரு போகுது."

"எப்பலேர்ந்து?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

சின்னவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவர் பையைத் திறந்து நோட்டை எடுத்தார், சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நோட்டைப் பிடுங்கி அவர் பைக்குள்ளேயே திணித்தாள்.

"எழுதாதீங்க. கேளுங்க."