அழித்த கைகள்

ஜெபகுமாரின் இரண்டு கைகளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மணிக்கட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியவில்லை. வேலை எதுவும் கெடவில்லை. டீக்கடையில் கிளாஸ் அந்தரத்தில் சாய்ந்து காலியானது. மாஸ்டர் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டார். ரேஷன் கடை இயந்திரம் அவர் ரேகையை முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டது. எங்கள் செவிலிமேட்டில் அதைத்தான் அதிசயமாகப் பேசினார்கள்.

காரணம் நான்தான். மூளை பாதிப்பால் கால் விறைத்த குழந்தைகளுக்கு அவர் பிசியோதெரபி செய்யும் நிலையத்தில், பத்தாவதோடு நின்ற எனக்கு ரீல்ஸ் போடுகிற வேலை. நேரில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிற நான், நாற்பதாயிரம் பேரிடம் ‘மிஸ் பண்ணாதீங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு வயது ரியாஸ் ஏழு அடி வைத்த வீடியோவில், அவன் இடுப்பைப் பிடித்திருந்த ஜெபகுமாரின் கைகள் அழகைக் கெடுப்பதாக எனக்குத் தோன்றியது. விரலால் தேய்த்தால் வேண்டாததை அழிக்கிற ஆப் ஒன்று இருந்தது. தேய்த்தேன். பதினான்கு மாதமாக வருகிற பிள்ளைக்கு ‘ஏழே நாளில் ஏழு அடி’ என்று தலைப்பு வைத்து, பக்கத்தில் மூன்று ராக்கெட் எமோஜியும் விட்டேன். மறுநாள் கைகள் போயிருந்தன.

முசரவாக்கத்திலிருந்தும் திருமுக்கூடலிலிருந்தும் ஆட்டோ வைத்து வந்தவர்கள், யாரும் பிடிக்காமல் பிள்ளைகள் நடப்பதை நேரிலேயே பார்த்தார்கள். “நான் புடிச்சிக்கினு இருக்கேன்மா” என்று ஜெபகுமார் தொண்டை வற்றச் சொன்னதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரியாஸின் அம்மா சைதுனும் நம்பினாள். பள்ளிக்கூட வாசலில் மகனைப் பிடிக்காமல் நடக்க விட்டாள். விழுந்ததில் தாடையில் மூன்று தையல். அதன்பிறகு ரியாஸ் எழுந்து நிற்கவே மறுத்தான்.

“ஏம்மா, தானா நடக்குறான்னு நீதானே போட்ட?” என்று சைதுன் என்னிடம் வந்தாள்.

“சார் கை இருந்துச்சிக்கா. நான்தான் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“பார்க்க நல்லா இல்லக்கா.”

“அப்போ உன் மூஞ்சிய அழிச்சிக்கினு இருக்கலாமே.”

ரீலை அன்றே நீக்கினேன். சொந்தக்காரர்களின் குரூப்புகளில் அது சுற்றிக்கொண்டே இருந்தது, கைகள் திரும்பவில்லை. இனி மகனைத் தானே பிடித்து நடத்துவது என்று சைதுன் முடிவு செய்தாள். எப்படிப் பிடிப்பது என்று காட்ட ஜெபகுமாரின் கை தெரியாது. அது இருக்கும் இடம் தெரிந்தவன் ரியாஸ் ஒருவன்தான். “அங்க இல்லம்மா, இன்னும் கீழ. கட்டவெரலு முதுகுல. அய்ய, கிச்சுகிச்சு மூட்டாத” என்று படுத்தபடியே அம்மாவை அதட்டினான். அதட்டுவதற்காகவே உட்கார்ந்தான். பன்னிரண்டாம் நாள் எழுந்து நின்றான். அதற்குள் சைதுனின் கைகளும் மறைந்திருந்தன.

இரண்டு வருடமாகிறது. நிலையத்தில் பிள்ளைகளைப் பிடிக்கிற எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிறது. வளையல்காரி தடவிப் பார்த்து அளவு சொல்லிவிடுகிறாள். நான் எதையும் அழிக்காமல் போடுகிறேன். நேற்றைய வீடியோவுக்குப் பத்தொன்பது லைக், அதில் ஒன்று என்னுடையது. ஃபோனைத் தவிர எதையும் பிடிக்காத என் கைகள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. ரியாஸ் பள்ளிக்கூடம் போகிறான். இடுப்புக்கு இரண்டு பக்கமும் சைதுனின் பச்சைக் கண்ணாடி வளையல்கள் கூடவே போகின்றன.