எர்வினின் பூட்ஸ்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சிட்னியின் செவன் ஹில்ஸில் நான் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குசினியில், லீக்ஸ் நறுக்கிக்கொண்டே வீட்டுக்கார ரஞ்சினி அன்ரி சொன்னது. லிட்கமில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு வேலை. போன குளிர்காலத்தில் அங்கே எர்வின் என்ற கிழவர் இறந்துபோனார். ஜெர்மனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பதினாறு வயதில் அமெரிக்காவிலிருந்த மாமாவிடம் போனார். பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். ராணுவம் அவரை ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பியது. மொழி தெரிந்தவர் ஆயிற்றே. அமெரிக்க அதிகாரிகள் குடியிருக்க வீடுகள் தேவைப்பட்டன. வீட்டைக் காலி செய்யுங்கள் என்று ஜெர்மன் மொழியில் சொல்வது அவர் வேலை. ஒருநாள் அவர் போக வேண்டியிருந்தது தன் அம்மாவின் வீட்டுக்கு.

"கதவைத் தட்டினதோட நிப்பாட்டிப்போடுவார், பிள்ளை. எத்தினை தரம் கேட்டும் மிச்சம் சொல்லேல்ல. அப்பிடியே செத்துப்போனார்."

மிச்சத்தை நான் எழுதலாம் என்று தோன்றியது. (எனக்குத் தெரிந்த ஐரோப்பா முழுவதும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இருக்கிறது. அங்கே எப்போதும் பனி பெய்யும்.)

2

முதல் தொடக்கம்:

பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்ட் காலையில் எர்வின்

[நிறுத்திவிட்டேன். ஆகஸ்டில் அங்கே கோடை, இங்கேதான் குளிர்காலம். சிட்னிக்கு வந்து நான்கு வருடத்தில் என் நாட்காட்டி தலைகீழாகிவிட்டது.]

இரண்டாவது தொடக்கம்:

எர்வின் கதவைத் தட்டினான். அம்மா திறந்தாள். முதலில் சீருடையைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தை. அவன் குனிந்து பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரயிலில் நாலைந்து முறை படித்தேன்.

3

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அதை வாசித்துக் காட்டினேன். அன்ரியும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய ஒரே மகன் அருந்தவனும் கேட்டார்கள்.

"ஆமிக்காரன் சப்பாத்து கழட்டினவனோ?" என்றார் அன்ரி. "எந்த ஊரில, பிள்ளை?"

"அது அவனோட அம்மா வீடு அன்ரி. அதனாலதான்…"

"நீ ஆமியை டீவியில அணிவகுப்பில பாத்திருப்பாய். ஊரில எங்கட வீட்டுக்க வந்தவங்கள் சாமியறைக்குள்ளயும் சப்பாத்தோடதான் நிண்டவங்கள். அண்ணாவை அங்கயிருந்துதான் இழுத்துக்கொண்டு போனவங்கள்."

அந்த அண்ணா திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கூடத்தில் மாலை போட்ட படம் இருக்கிறது.

"எந்த ஆமி அன்ரி?"

"மூண்டு விதமான உடுப்புப் பாத்த வீடு அது. சப்பாத்து எல்லாம் ஒண்டுதான்."

அருந்தவன் பேச்சை மாற்றச் சிரித்தான். "பார்கவி அக்கா, உங்கட எர்வின் சுத்த ஃபேக். குனிஞ்ச உடனே கழட்ட அதென்ன பாத்ரூம் செருப்போ? மேல வரைக்கும் லேஸ் இருக்கும். அதுவும் புதுசு எண்டா குதிக்கால் தோல் உரிஞ்சிடும்."

அன்ரி சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே பார்த்தார். அருந்தவனின் இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"உனக்கு உது என்னெண்டு தெரியும்?"

அவன் கோப்பையை நகர்த்தி வைத்தான். "ஆமியில சேர்ந்திட்டன், அம்மா. வாற மாசம் ட்ரெயினிங். பூட்ஸைப் போட்டுப் பழகச் சொன்னவை."

4

(இதை எழுதத் திட்டமிடவில்லை. என் கதையில் இருந்தது எர்வின் மட்டும்தான்.)

"இது வேற ஆமி அம்மா. திஸ் இஸ் மை கன்ட்ரி."

"கதவுக்கு உள்ள நிண்டு பாக்கிறவளுக்கு வேற ஆமி இல்லை. உந்த உடுப்போட இந்த வாசல் மிதிக்காத. மிதிச்சாய் எண்டால் எனக்கு அண்ணாவும் இல்லை, மகனும் இல்லை."

அவன் போனான். பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு அழைப்பு வந்தது. அன்ரி அன்று லீவு போடவில்லை. லிட்கமுக்கு வேலைக்குப் போனார்.

அந்த வாரங்களில் நான் எர்வினுக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. அம்மா அவனை யாரென்றே தெரியாதவள்போல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள்.

ஆ. எர்வின் அதிகாரியிடம் பொய் சொல்கிறான். இந்த வீடு ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டைக் காட்டுகிறான்.

இரண்டையும் அன்ரியிடம் படித்தேன். அ-வைக் கேட்டபடி மேசையைத் துடைத்தார். ஆ-வுக்கு, "பக்கத்து வீட்டுப் பொம்பிளைக்கு மகன் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். ஆ-வைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5

இன்று சனிக்கிழமை. அருந்தவன் வந்திருக்கிறான்.

ரயிலில் உடை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. என் அறை ஜன்னலிலிருந்து முன்வாசல் தெரிகிறது. மணியை அடித்தான். சிறிது நேரம் நேராக நின்றான். பிறகு படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினான். அவன் சொன்னது உண்மைதான், மிகவும் நேரமாகிறது.

நான் கூடத்துக்கு ஓடினேன். அன்ரி ஈரக் கையோடு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். கதவின் கண்ணாடியில் அவனுடைய குனிந்த முதுகு மங்கலாகத் தெரிகிறது. அதன் பச்சை நிறமும்.

"நீ திறக்காத, பிள்ளை," என்றார்.

நான் திறக்கவில்லை. இந்த முடிவையும் எழுதவில்லை. நான் வளர்ந்த வீட்டுக்குள் எந்த பூட்ஸும் வந்ததில்லை; வந்திருந்தால் அந்த இரண்டாவது தொடக்கத்தை எழுதியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால், அடுத்த வாக்கியம் உங்களுடையது. ஒரு பூட்ஸ் படியில் இருக்கிறது. அவன் இரண்டாவதன் முடிச்சில் கை வைத்திருக்கிறான். அன்ரி