சொல்லிக்கொள்ளாமல்

இல்லை, சொல்லவில்லை, ஒரு சொல்லும் சொல்லாமல்தான் வந்திருக்கிறாள்... ஹொல்ம்லியா நிலையத்தில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிவநாயகிக்கு அது உறைத்தது. காலில் சப்பாத்தைப் போட்டாள், கூட வேலை செய்யும் ஹூடாவின் தோளைத் தொட்டாள், படியிறங்கிவிட்டாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் செத்தவீட்டிலிருந்துதானே புறப்படுவார்கள்? ஹூடாவின் தாய் உயிரோடு இருக்கிறாள். காசாவில், மார்பில் புற்றுநோயோடு, இப்போது நுரையீரலிலும். கதிர்ச் சிகிச்சை அங்கே இல்லை, ஜெருசலேமில் இருக்கிறது, தூரம் ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் கட்டில்கூட ஒதுக்கியாகிவிட்டது, சோதனைக் கடவையைத்தான் தாண்ட முடியவில்லை. முதலில் தாய்க்கு அனுமதி, கூடப் போகும் மகனுக்கு இல்லை. மகனை விட்டுச் சின்ன மகளோடு போனால், இன்னும் விசாரணை முடியவில்லையாம். எழுபது வயதுக் கிழவியிடம் என்னத்தை விசாரிப்பது... இன்று காலையும் அம்புலன்ஸ் திரும்பிவிட்டது. பின்னேரம் ஹூடாவின் தம்பி தொலைபேசி எடுத்து, அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்றான், அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

வெளிக்கிடும்போது வரதராசா கேட்டார், புருஷன் என்றால் கேட்கத்தானே வேண்டும், "வன்னியிலை எங்கடை சனம் மருந்தில்லாமல் சாகுது, நீ அரபிக்காரி வீட்டிலை போய் அழப்போறியோ?" "அழுறதுக்கில்லையப்பா, புட்டுக் குடுக்கப்போறன்" என்றாள். இங்கே நோர்வேயில் முதியோர் இல்லச் சமையலறையில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை, முதன்முதல் புட்டைப் பார்த்துவிட்டு ஹூடா, நீங்கள் மணலையா அவித்துத் தின்னுகிறீர்கள் என்று சிரித்தவள். இன்று மூடியைத் திறக்கவேயில்லை. ஏலக்காய்க் கோப்பியை ஊற்றி வைத்துவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை சிவநாயகிக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தில் அம்மா வாசல் படலையைப் பார்த்த பார்வை. அப்பாவின் இருதயத்துக்குக் கொழும்புக்குப் போகவேண்டும், ஊரைவிட்டுப் போக ஆமி பாஸ் தரவேண்டும், நாளைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ... அப்பா செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு பாஸ் வந்தது, முத்திரை குத்தி, வடிவாக. அதனால்தானா? கால் தானாகவே முடிவெடுத்துவிட்டதா, இந்தக் கிழவியும் போய்விட்டாள் என்று? ஹூடாவுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, செய்தது செய்ததுதானே...

அடுத்த நிலையமான ஹவ்கெத்தோவில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டாள். மேடையில் குளிர் முகத்தில் அடித்தது. திரும்பிப் போகலாமா, போய் என்னவென்று சொல்வது? கையுறையைக் கழற்றி ஹூடாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி முழுதாக ஒருதரம்கூட அடிக்கவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி, அரபியில் ஏதோ கத்தினாள் ஹூடா. "நான்தான், சிவா" என்றாள் சிவநாயகி. "சொல்லாமல் வந்திட்டன். வியாழக்கிழமை வாறன், என்ன? கட்டாயம் வாறன்." ஓட்டை நோர்வேஜிய மொழியில் அதையே மூன்றுதரம் சொன்னாள், சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசாவது போலிருந்தது. ஹூடா மெதுவாக, கோபமேயில்லாமல், "வா, வா சிவா. இப்ப வைக்கட்டோ? அவன் எடுத்தாலும் எடுப்பான்" என்றாள்.

வைத்துவிட்டாள். சிவநாயகி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் எடுத்துப் பார்த்திருப்பானோ, இப்போதுதான், இந்த ஒரு நிமிடத்தில், காசாவில் லைன் கிடைத்த ஒரேயொரு நிமிடத்தில்...