ஒருவர் மட்டும்

நொன்செபா மீதிருந்த தடையாணை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஐந்து வருடம். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, மேடை ஏறக் கூடாது. அதெல்லாம் போகட்டும், வீட்டுக்குள்ளேகூட ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளோடுதான் இருக்கலாம். இரண்டாவது ஆள் நுழைந்தால் அது கூட்டமாம், ஜெயிலாம். இப்படி ஒரு சட்டத்தை எழுத எந்தப் பாவிக்குக் கை வந்ததோ!

வெளியே நடமாட அனுமதிச் சீட்டென்று கறுப்பர்களின் கழுத்தில் கட்டிய பாஸ் புத்தகத்தை எதிர்த்து, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரத் தெருக்களில் பெண்களைத் திரட்டி நடத்திப் போனவள் அவள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அரசாங்கம் பூட்டியது அந்தக் குரலைத்தான்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு நோவினிலே வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தாள். குடியிருப்பை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தாகிவிட்டது. கறுப்பர்களை ஏற்றிக்கொண்டுபோய் வெளியே தள்ளத் திங்கட்கிழமை லாரிகள் வரும். மாதா கோயில் பெண்கள் பன்னிரண்டு பேர் நொன்செபாவை அழைக்க வருகிறார்கள்.

"நாளைக்கு மைதானத்துல நீ பேசுனாத்தான் அக்கா சனம் நிக்கும். இல்லேன்னா மூட்டை கட்டிடும்."

"பேசாம என்ன? அஞ்சு வருஷமா இந்தச் சுவரு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்றாள் நொன்செபா. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. மாதா கோயில் சங்கத்துச் சீருடையான சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகத் தெம்பேகா முதலில் உள்ளே வந்தாள். அவ்வளவுதான், நொன்செபா கோப்பையோடு எழுந்து சமையலறை வழியாகப் பின்பக்கம் போய்விட்டாள். குழாயடியில் நின்ற பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"எங்கடி போறா? நம்மளப் பாத்தா போலீஸு மாதிரியா இருக்கு?" என்று உள்ளே தெம்பேகா சிரித்தாள்.

"பழக்கதோஷம். சும்மா இரு, வருவா" என்றாள் நோவினிலே.

திரும்பி வந்தபோது அறையில் கால் வைக்க இடமில்லை. இதற்காகத்தானே ஐந்து வருடம் ஏங்கினாள்! வாயைத் திறந்தாள். யார் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்று தெரியவில்லை. கண் திரும்பத் திரும்ப வாசலுக்கே போனது. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"ஒவ்வொருத்தரா வர்றீங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

தெம்பேகாகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் முற்றத்துக்குப் போய் வரிசையாக நின்றார்கள்.

ஒருத்தி எதிரில் உட்கார்ந்ததும் பழைய குரல் வந்துவிட்டது. லாரி வந்தால் கட்டிலை வாசலில் போட்டு அதில் உட்கார்ந்துகொள், காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதே, புருஷன் பயந்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வை. இதையே பன்னிரண்டு தடவை சொன்னாள். தெம்பேகாவின் கையைப் பிடித்து, "உனக்குத் தொண்டை பெருசு. நாளைக்கு இத நீ சொல்லு" என்றாள்.

அவர்கள் தெருவில் ஒன்றாகப் பேசிக்கொண்டு போவது கேட்டது. நோவினிலே மட்டும் உள்ளே வந்தாள்.

"நாளைக்கு நீயும் வருவேல்ல அக்கா?"

"வராம? முன்னாடியே எனக்கு ஒரு இடம் போட்டு வை."

விசாரணை அறையில் அடிவாங்கியபோதும் பொய் சொல்லாதவள் நொன்செபா. அன்று நோவினிலேயிடம் ஒன்று சொன்னாள்.